மாரி முடிஞ்சு மரம் தளிர்க்கேக்க: குளோசப் வீடியோ கேள்வி-பதில்

வெளிநாட்டுக்காரர் ஸ்னோ கரையிறதை எடுக்கினம். வன்னியில நாங்கள் எதை எடுக்கிறது அண்ணை?

எங்கட பாலை மரமும் வீரை மரமும் வருசம் முழுக்கப் பச்சைதானே, தூர நிண்டு பாத்தா காடு மாறினமாதிரியே தெரியாது, கிட்டப் போனாத்தான் மாசி பங்குனியில என்ன நடக்குதெண்டு விளங்கும். வேம்பின்ர செந்தளிர் ஒண்டே போதும், பின்னுக்கு வெயில் இருக்கிறமாதிரி நிண்டு எடுங்கோ, நரம்பெல்லாம் தெரியும்.

தும்பி நிக்குதே இல்லை, கிட்டப் போகப் பறக்குது.

நீங்கள் பத்து மணிக்குப் போனா பறக்கும்தான். உடம்பு சூடேறினாத்தான் அதால பறக்கேலும், அதுக்காக வெயில் ஏற முதல் போங்கோ. மாசிப்பனி மச்சைத் துளைக்குமெண்டு சும்மாவா சொன்னவை, வெட்டு முடிஞ்ச வயல் வரம்பில புல்லு நுனியில தும்பி பனி முத்தோட விறைச்சுப்போய் இருக்கும், அந்த நேரம் காத்தும் குறைவு. மக்ரோவில, அதாவது நல்லாக் கிட்ட வச்சுப் பெருசா எடுக்கேக்க, போக்கஸ் ஓரிரண்டு மில்லிமீற்றர்தான் நிக்கும், ஓட்டோ போக்கஸை நிப்பாட்டிப்போட்டுத் தும்பியின்ர கண்ணில போக்கஸை வச்சு, கமராவை ட்ரைபொட்டோட மெல்ல முன்ன பின்ன அசையுங்கோ. செக்கனுக்கு 25 பிரேமில எடுத்தா ஷட்டர் 1/50 செக்கன். ஒண்டு, குளக்கட்டுப் பக்கம் இருட்டோட தனியப் போகாதேங்கோ, யானை நிக்கும்.

மக்ரோ லென்ஸ் வாங்கக் காசில்லை.

பழைய 50 எம்எம் லென்ஸ் ஒண்டு தேடி ரிவேர்ஸ் ரிங் எண்ட வளையத்தில முன்பக்கம் கமராவைப் பாக்கத் திருப்பி மாட்டுங்கோ. வெளிச்சம் போற துவாரத்தைக் கூட்டிக் குறைக்கிற அப்பேச்சர் வளையம் லென்ஸிலயே இருக்கவேணும், இல்லாட்டி கமராவால கட்டுப்படுத்தேலாது.

பூ விரியிற டைம்லாப்ஸ் எடுக்க எந்தப் பூ நல்லம்?

நானெண்டா விரியிறதை விட நிறம் மாறுறதைத்தான் எடுப்பன். வேலியில நிக்கிற பூவரசம்பூ விடிய மஞ்சளா இருந்து பொழுதுபடச் சிவந்துபோகும், ஒருத்தரும் கவனிக்கிறேல்லை. ரெண்டு நிமிசத்துக்கு ஒரு படமெண்டு பத்து மணித்தியாலம் விட்டா 300 படம், 25 பிரேமில 12 செக்கன் வீடியோ. வைற் பலன்ஸை ஓட்டோவில விட்டிடாதேங்கோ, கமரா தானா நிறத்தைத் திருத்தப் பாத்து முழு வேலையும் பழுதாப்போகும். காம்பை ஒரு தடியோட கட்டிவிடுங்கோ.

பற்றைக்குள்ள நல்ல பூச்சியள் நிக்குது, உள்ள போகலாமோ?

மிதிவெடி எடுக்கிற வேலை வன்னியில இன்னும் முடியேல்லை. மண்டையோட்டுப் பலகை இருந்தா அந்தப் பக்கமே வேண்டாம், பலகை இல்லாட்டியும் ஊராக்களைக் கேக்காமல் பாதையை விட்டு இறங்காதேங்கோ. படம் பிடிக்கிறவனுக்குக் கண் முழுக்க ஸ்க்ரீனில, கால் எங்க போகுதெண்டே தெரியாது, அதுதான் பயம். பூச்சி ரோட்டோரத்திலயும் நிக்கும்.

தம்பளப்பூச்சி, அந்தச் சிவப்புப் பட்டுமாதிரிப் பூச்சி, எங்க எடுக்கலாம்?

இப்ப தேடி அலையாதேங்கோ தங்கச்சி. அது முதல் மழைக்கு வாறது, ஐப்பசியில கேளுங்கோ.