தென்னாப்பிரிக்காவில் 2020 கொரோனா கால மதுத்தடை மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஒரே தடையா?

இல்லை, பள்ளிக் கட்டுரையில் அப்படி எழுதாதீர்கள். மது விற்பனை 2020 மார்ச் 27இல் நின்றது, ஜூன் 1இல் திரும்ப வந்தது (திங்கள் முதல் வியாழன் வரை, வீட்டுக்கு வாங்கிப்போக மட்டும்), ஜூலை 12 இரவு ஒரு நாள் அவகாசம்கூட இல்லாமல் மறுபடி நின்று ஆகஸ்ட் 18இல்தான் திறந்தது. அப்புறம் டிசம்பர் கடைசியிலும் 2021 ஜூன் கடைசியிலும் இன்னும் இரண்டு தடைகள்.

ஒரே தடை என்று உங்கள் அம்மா சொன்னதாக எழுதியிருந்தீர்கள்; அவர் நினைவில் இருப்பது அநேகமாக சிகரெட் தடை. இடைவெளி இல்லாமல் ஆகஸ்ட் வரை நீடித்தது அதுதான்.

ஜூனில் டர்பன் மருத்துவமனைகளில் காயம்பட்டவர்கள் ஏன் கூடினார்கள் என்று கேட்டீர்களே, மதுக்கடை திறந்த மாதம் அது. தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் வாராந்திர இறப்பு அறிக்கையில் இயற்கையல்லாத மரணங்களின் (விபத்து, கொலை போன்றவை) வரைபடக் கோட்டை எடுத்து, அதன்மேல் இந்தத் தேதிகளைக் குறித்துப் பாருங்கள், ஏற்ற இறக்கம் தெரியும்.

ஆனால் எல்லாவற்றையும் மதுவின் கணக்கில் போட்டுவிடாதீர்கள். முதல் தடையின்போது பொதுமுடக்கத்தால் சாலைகளே காலி, ஜூலைத் தடையோடு இரவு 9 மணி ஊரடங்கும் சேர்ந்தே வந்தது. நின்றது விற்பனைதான், குடி முழுக்க நிற்கவில்லை: வீட்டிலேயே அன்னாசி பீர் காய்ச்சினார்கள், அன்னாசி விலையே ஏறியது.