ஐடி கார்டின் பின்னால் ஐந்து பொட்டுகள்

அன்புள்ள அக்கா,

"ஸ்தோத்திரம்" என்று எழுதி, அடித்துவிட்டு, "வணக்கம்" என்று எழுதினேன். அப்புறம் அதையும் அடித்துவிட்டேன். என் பிரச்சினையே இதுதான்.

எனக்கு 36 வயது. ஊர் நாசரேத் பக்கம், பல தலைமுறையாக சி.எஸ்.ஐ. கிறிஸ்தவக் குடும்பம். பொட்டில்லாத நெற்றியைப் பார்த்தே வேதக்கார வீட்டுப் பெண் என்று சொல்லிவிடும் ஊர். பெங்களூரு வந்து பதினொரு வருஷம் ஆகிறது. கம்மனஹள்ளியில் வாடகை வீடு, மான்யதா பக்கம் வேலை.

வந்த புதிதில் ஒரு வீட்டுக்காரர் அட்வான்ஸ் வரைக்கும் பேசிவிட்டு, என் கழுத்தில் சிலுவை டாலரைப் பார்த்ததும் "தம்பி குடும்பம் வரப்போகுது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த வீடு பார்க்கப் போனபோது டாலரைச் சுடிதாருக்குள் தள்ளினேன். அதுவே பழகிவிட்டது. இப்போது ஆபீஸ் லிஃப்ட் கதவு திறந்தாலே கை கழுத்துக்குப் போகிறது. டீமில் எல்லாரும் வைக்கிறார்களே என்று ஸ்டிக்கர் பொட்டு வைக்கத் தொடங்கினேன். சாயங்காலம் கேப்பில் ஏறியதும் எடுத்து ஐடி கார்டின் பின்னால் ஒட்டிவிடுவேன். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால், போனைப் பார்ப்பதுபோல் குனிந்து, கண் திறந்தபடியே ஜெபம்.

போன செப்டம்பர் 8 அன்று சிவாஜிநகர் மாதா தேர் பார்க்க மகளைக் கூட்டிப்போனேன். காவிச் சேலை கட்டிய பெண்களால் தெருவே நிறைந்திருந்தது. மறுநாள் என் பையில் பேனா தேடியவள், ஐடி கார்டைத் திருப்பி விரல் வைத்து ஐந்து பொட்டு எண்ணினாள். "ஏம்மா, ஆபீஸ்ல மட்டும் நீங்க வேற ஆளா?" என்றாள். எட்டு வயது.

கணவர் காரின் பின் கண்ணாடி முழுக்க வசனம் ஒட்டியிருக்கிறார். "மனுஷர் முன்னால மறுதலிக்கிறவனை நானும் மறுதலிப்பேன்னு ஆண்டவர் சொல்லியிருக்கார்" என்று என்னைப் பார்த்துச் சொல்கிறார்.

இதைவிட வலிப்பது ஒன்று இருக்கிறது. பக்கத்து சீட் தோழியின் அம்மா போன மாதம் இறந்துபோனார். அவர் ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரமும் தினம் முழங்காலில் நின்று ஜெபித்தேன். அவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. "டேக் கேர்" என்று மெசேஜ் போட்டேன். நான் விசுவாசியா, கோழையா?

பெயர் வேண்டாம், பெங்களூரு.

*

அன்புத் தங்கைக்கு, ஸ்தோத்திரம்.

நீங்கள் அடித்ததை நான் எழுதிவிட்டேன்.

கோழை என்ற சொல்லை முதலில் இறக்கி வையுங்கள். ஒரு வீடு கைநழுவிய அன்று உங்கள் கை ஒரு தற்காப்பைக் கற்றுக்கொண்டது. ஒவ்வொரு முறை மறைக்கும்போதும் உள்ளே "அப்பாடா" என்று ஒரு நிம்மதி வருகிறதே, அந்தப் பழக்கத்துக்கு அதுதான் தீனி. மறைக்காமல் இருந்தால் என்ன நடக்கும் என்று பார்க்க மனசுக்குப் பதினொரு வருஷமாக வாய்ப்பே கிடைக்கவில்லை. அதனால், வீடு கிடைத்த பிறகும் பயம் காலி செய்யவில்லை.

பொட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நம் ஊர்க் கத்தோலிக்கப் பெண்கள் எத்தனையோ பேர் பொட்டு வைத்துக்கொண்டுதான் பூசைக்குப் போகிறார்கள். பிடித்து வைத்தால் வையுங்கள். கேப்பில் ஏறியதும் அவசரமாகப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தால், அது உங்களுக்குப் பாரம்.

எல்லாரும் பார்ப்பார்கள் என்று தோன்றுகிறது இல்லையா? அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் அவர் குழுவும் 2000இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு மாணவரைக் கூச்சம் தரும் டி-ஷர்ட் போடச் செய்து, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசிப் பேர். உங்கள் டாலரையும் லிஃப்டில் பாதிப் பேர்கூடப் பார்க்க மாட்டார்கள்.

கணவர் சொல்லும் வசனம் வேதத்தில் இருப்பதுதான். ஆனால் வீட்டுக்குள் ஒருவர் மற்றவரை அடிக்க வசனத்தை எடுப்பது எனக்கு வருத்தம் தருகிறது. மறுதலித்தவரின் கதை முழுவதையும் வாசிக்கச் சொல்லுங்கள். இயேசுவின் சீடர் பேதுரு மூன்று தரம் "அவரைத் தெரியாது" என்று சொன்னது ஒரு கரிநெருப்பின் பக்கத்தில், குளிர்காய்ந்துகொண்டு நின்றபோது. யோவான் சுவிசேஷம் 21ஆம் அதிகாரத்தில் இன்னொரு கரிநெருப்பு வருகிறது. கடற்கரையில் இயேசு அதை மூட்டி, மீன் சுட்டு, "வந்து சாப்பிடுங்கள்" என்கிறார். "ஏன் மறுதலித்தாய்?" என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. "என்னை நேசிக்கிறாயா?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டு, ஆடுகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்புகிறார். இந்தப் பகுதியை நான் எத்தனை தரம் வாசித்தாலும் அந்த மீன் வாசனையில் நின்றுவிடுவேன். பயந்துபோன மனுஷனுக்கு அவர் கொடுத்தது, வேறொருவரைக் கவனிக்கும் வேலை.

உங்களுக்கும் அங்கேதான் தொடக்கம் என்று நினைக்கிறேன், உங்கள் தோழியிடம். ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று தயங்காதீர்கள். துக்க வீட்டுக்கு வந்த கூட்டம் கலைந்தபிறகுதான் துக்கம் கனக்கும். டீ குடிக்கக் கூட்டிப்போய், "அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப தினமும் ஜெபம் பண்ணினேன். அன்னைக்கே சொல்லணும்னு இருந்தேன், தயக்கமா இருந்தது" என்று மட்டும் சொல்லுங்கள். வசனம் வேண்டாம், சபைக்கு அழைப்பும் வேண்டாம். அப்புறம் அம்மாவைப் பற்றிக் கேளுங்கள், அவள் பேசட்டும். சேர்ந்து ஜெபிக்க உங்களுக்கு ஆசை வந்தால், "பண்ணட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான். அவள் வேண்டாம் என்றாலும் நீங்கள் ஜெபித்த மூன்று வாரம் வீணில்லை.

டிபன் பாக்ஸ் விஷயம் இதைவிடச் சுலபம். போனைக் கவிழ்த்து வைத்து, பத்து வினாடி கண்ணை மூடுங்கள். முதல் வாரம் நெஞ்சு படபடக்கும், சில நாளில் அடங்கிவிடும். பார்க்கட்டும் என்று செய்யாதீர்கள். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னவரும் அதே இயேசுதான். யாராவது கேட்டால், "சாப்பிடும் முன்னாடி நன்றி சொல்றது எங்க வீட்டு வழக்கம்" போதும்.

வீடு தேடும் நாளில் டாலர் உள்ளே இருந்தால் இருக்கட்டும். மதத்தை வெளிப்படையாக அறிக்கையிட அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஆனால் அந்த வீட்டுக்காரரின் மனசை மாற்றும் பொறுப்பு, சாவிக்காக நிற்கும் உங்கள் தலையில் இல்லை.

மகளுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். எட்டு வயதுக்கு இந்தக் கதை புரியும். அட்வான்ஸ் வரை வந்து போன வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள். அன்றைக்கு அம்மா பயந்ததையும், கை தானாகப் போவதையும், அதை மாற்றிக்கொள்ளப் பார்ப்பதையும் சொல்லுங்கள். "வேற ஆள் இல்லம்மா, அதே அம்மாதான்" என்று நீங்கள் சொல்வதை அவள் காது கேட்கட்டும்.

தோழியிடம் பேசியபிறகு எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.