சின்ன ஊர்களுக்குப் போகும் விமானங்களில் பைலட்டாக இருந்தால் சம்பளமும் வாழ்க்கையும் எப்படி இருக்கும்?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருப்பது: பாலக்கோடு பக்கம் ஊர், பையன் ப்ளஸ் டூ, பைலட் ஆவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். "பெரிய கம்பெனியில் இடம் கிடைக்காதவர்கள்தானே இந்தச் சின்ன விமானங்களுக்குப் போகிறார்கள்?" இந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் படித்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போயிருப்பேன்.

நான் பைலட் இல்லை. காவேரிப்பட்டணத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். என் தம்பி ஏடிஆர் 72 விமானத்தில் (சின்ன ஊர்களுக்குப் போகிற, விசிறி வைத்த விமானம்) ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது வலது சீட்டில் உட்காரும் துணை விமானி. அவன் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். விமானம் எப்படிப் பறக்கிறது என்பது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், பணம் எப்படிப் பறக்கிறது என்பது முழுசாகத் தெரியும். விவரம் தெரிந்த பைலட் யாராவது வந்து "அது அப்படி இல்லை சார்" என்றால் சண்டைக்கு நிற்க மாட்டேன். ஒரு வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன், எல்லா வீட்டுக்கும் இதுதான் என்று சொல்லவில்லை.

அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தாய்மாமா ஒரு கல்யாண வீட்டில் தம்பியைப் பார்த்து, "ஏம்ப்பா, நீ ஓட்டறது டவுன் பஸ்ஸாமே?" என்றார். பந்தியே சிரித்தது. தம்பி கோபப்படவில்லை. "ஆமா மாமா, டவுன் பஸ் டிரைவருக்குத்தான் பிரேக் தேயும்" என்றான். சென்னையிலிருந்து டெல்லி போகிற ஜெட் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பறந்து ஒரே தடவை இறங்கும். அதே நேரத்துக்குள் ஏடிஆர் இரண்டு மூன்று ஊர் இறங்கி ஏறிவிடும். ஒரு நாளைக்கு நாலு, ஐந்து, சில நாள் ஆறு இறக்கம். ஜெட் முப்பத்தைந்தாயிரம் அடியில், பெரும்பாலான மழை மேகத்துக்கு மேலே போய்விடும். ஏடிஆரின் உச்சவரம்பே 25,000 அடி. பெரும்பாலும் இருபதாயிரத்துக்குக் கீழேதான் பறக்கிறது, அதனால் பருவமழை நாட்களில் மேகத்துக்கு நடுவிலேயேதான் பிழைப்பு. ஓடுபாதையும் பல ஊர்களில் சின்னது. தரையில் நிற்கும்போது ஏசிக்கும் கரண்டுக்கும் தனி எஞ்சின் அதில் கிடையாது. வலது பக்க எஞ்சினை விசிறி சுற்றாமல் பிடித்து நிறுத்தி, அதை ஓடவிட்டுத்தான் சமாளிக்கிறார்கள். மே மாதம் மதியம் இருபத்தைந்து நிமிட நிறுத்தத்தில் காக்பிட்டுக்குள் இருப்பவன் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். இதை இடம் கிடைக்காதவன் செய்யும் வேலை என்று சொல்லாதீர்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். நீங்கள் வீட்டையோ தோப்பையோ வைத்துத்தான் புரட்டப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். நம் பக்கம் வேறு வழி யாருக்கு இருக்கிறது?

கமர்ஷியல் லைசென்ஸுக்கு நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், டிஜிசிஏ (விமானத் துறைக்கு விதி போடும் மத்திய அரசு அமைப்பு) நடத்தும் தேர்வுகளை எழுதித் தேற வேண்டும். வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்த்தோம். பேர் வேண்டாம். ஒன்றரை வருடத்தில் முடியும் என்றார்கள். நாற்பது மாணவர்களுக்குப் பறக்கிற நிலையில் இருந்தது நாலைந்து விமானம். ஒன்று பழுது என்றால் ஸ்பேர் வர மாதக்கணக்கு. பனிக்காலத்தில் விடிந்து வெகுநேரம் மூட்டம், மழைக்காலத்தில் மழை. அதற்குள் இன்ஸ்ட்ரக்டர் ஒருவர் ஏர்லைனுக்குப் போய்விடுவார். சொன்ன காலத்தைப் போல இரண்டு மடங்கு ஆனது. விடுதி, சாப்பாடு, வட்டி எல்லாம் அதற்கேற்ப ஏறியது. அப்புறம் ஏடிஆருக்கென்று தனியாக டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டுவதற்கான தனிப் பயிற்சியும் அனுமதியும். எல்லாம் சேர்த்து அறுபது லட்சத்தைத் தொட்டுவிட்டது.

வங்கிக்குப் போன கதை தனி. மேனேஜர் எங்கள் மாந்தோப்புப் பட்டாவைப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பித் தள்ளினார். "விவசாய நிலத்தை எடுக்க மாட்டோம். டவுன்ல வீடு இருக்கா?" இருந்தது, தாத்தா பேரில். கூட்டுப் பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, வக்கீல் ஒப்பீனியன் என்று அலைந்து முடிப்பதற்குள் அப்பாவுக்குச் செருப்பு தேய்ந்தது. கடைசியில் ஃபைலை மூடும்போது அவர் சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது: "இன்ஜினியரிங்னா இன்னைக்கே சாங்ஷன் பண்ணிடுவேன் சார். இது வேலை கிடைக்குமா கிடைக்காதான்னே தெரியாத படிப்பு." அப்பா பதில் பேசாமல் பையில் பட்டாவை மடித்து வைத்தார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. ஆனால் அந்த ஆள் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. கடன் பிறகு எப்படியோ கிடைத்தது.

லைசென்ஸ் கைக்கு வந்த நேரம் அப்படி. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றுபோனது. ஆயிரக்கணக்கில் மணி நேரம் பறந்தவர்களே வேலை தேடித் தெருவுக்கு வந்துவிட்டார்கள். 200 மணி நேரக்காரனை யார் சீந்துவார்கள்? அடுத்த வருடம் கொரோனா, மார்ச் 25 முதல் இரண்டு மாதம் உள்நாட்டு விமானமே பறக்கவில்லை. தம்பி என் கடையில் உட்கார்ந்து டிஏபி மூட்டைக்கு பில் போட்டான். வருகிறவர்கள் எல்லாம் "பிளேன் என்னாச்சு தம்பி?" என்பார்கள். பொட்டாஷ் எத்தனை மூட்டை என்று திருப்பிக் கேட்பான்.

பிறகு ஒரு சின்ன நிறுவனத்தில் கூப்பிட்டார்கள். பயிற்சி முடிந்து ரிலீஸ் ஆகும்வரை (முழுத் துணை விமானியாக டியூட்டிக்கு விடும்வரை) ஸ்டைபெண்ட்தான், வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போனது. ரிலீஸ் ஆன பிறகு கைக்கு வந்தது மாதம் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. ஊரில் இதைச் சொன்னால் வாயைப் பிளக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் இஎம்ஐ. மீதியில் வெளியூர் வாடகை, வருடத்துக்கு ஒரு மெடிக்கல். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சிமுலேட்டரில் உட்காரவைத்து சோதிப்பார்கள், அதில் தேறினால்தான் அடுத்த ஆறு மாதம். நம்மூரில் ஒரு பி.டி.எஸ் டாக்டரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரீட்சை எழுதச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று, சம்பளத்தில் ஒரு பகுதி பறக்கும் மணிக்கணக்கு. குறைந்தபட்சம் இத்தனை மணி நேரத்துக்கு என்று நிச்சயம் உண்டு, அதற்கு மேல் பறந்தால் மணிக்கு இவ்வளவு. இந்த மணி எப்போது ஓடத் தொடங்குகிறது? விமானம் தன் இடத்தைவிட்டு நகர்ந்ததிலிருந்து, இறங்கிப் போய் நிற்கும் வரை. நடுவில் தரையில் காத்திருப்பது, பயணிகள் ஏறுவது, மூடுபனி விலகட்டும் என்று உட்கார்ந்திருப்பது எதுவும் சேராது. ஜெட்காரர் பத்து மணி நேர டியூட்டியில் ஏழு எட்டு மணி நேரம் கணக்கில் ஏற்றிவிடுவார். ஏடிஆர்காரன் அதே பத்து மணி நேரத்தில் நாலரை, ஐந்து ஏற்றினால் பெரிது. உடம்பு படும் பாடு ஒன்றுதான், சம்பள ரசீதில் வரும் தொகை வேறு. சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் பையன் இதைப் புரிந்துகொள்ளட்டும்.

"அமெரிக்காவில் சின்ன ஏர்லைன் பைலட்டே லட்சம் டாலர் வாங்குகிறானே" என்று யாராவது வருவார்கள், தெரியும். அங்கேயும் முன்பு கேவலமான சம்பளம்தான். 2009 பிப்ரவரியில் பஃபலோ நகரத்துக்குப் பக்கத்தில் கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். கேப்டன் விமானத்தைக் கையாண்ட விதம்தான் முக்கியக் காரணம் என்றது விசாரணை. கூடவே இன்னொன்றும் வெளியே வந்தது. துணை விமானியான பெண்ணுக்குச் சொற்பச் சம்பளம், சியாட்டில் பக்கம் பெற்றோர் வீட்டிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகப் பயணம் செய்து நியூவர்க் வந்து டியூட்டி ஏறியிருந்தார். அதற்கப்புறம் சட்டம் போட்டு, 1500 மணி நேரம் பறந்திருந்தால்தான் பயணிகள் விமானத்தில் துணை விமானியாகவே உட்காரலாம் என்று 2013 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆள் வரத்துக் குறைந்தது. 2022-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனங்கள் புதிதாகச் சேரும் துணை விமானிக்கே மணிக்கு 90 டாலர் தர வேண்டிய நிலை வந்தது.

நம் நாட்டில் 200 மணி நேரத்திலேயே வலது சீட்டில் உட்காரலாம். அதனால் வலது சீட்டுக்கு எப்போதும் வரிசை நிற்கிறது, கேப்டன் உட்காரும் இடது சீட்டுக்கு ஆள் தட்டுப்பாடு. "பைலட் பற்றாக்குறை" என்று பேப்பரில் படிக்கிறீர்களே, அது கேப்டனுக்கு. பயிற்சிப் பள்ளிக்காரர்கள் அதைக் காட்டித்தான் உங்களிடம் பணம் வாங்குவார்கள். பெரிய நிறுவனத்தில் கேப்டன் ஆனவர் மாதம் ஐந்தாறு லட்சமும் அதற்கு மேலும் வாங்குகிறார் என்பது உண்மைதான். ஆனால் லைசென்ஸ் வாங்கிய அன்றைக்கும் அந்த நாளுக்கும் நடுவில் இருக்கிற வருடங்களுக்கு யார் சோறு போடுவது? நடுவில் கம்பெனி மாறலாம் என்றால், 2017-லேயே டிஜிசிஏ விதி போட்டுவிட்டது: துணை விமானி ஆறு மாதம், கேப்டன் ஒரு வருடம் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அதுபோக, இத்தனை வருடம் விட்டுப் போகமாட்டேன் என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கும் பாண்டு வேறு.

வாழ்க்கை எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். ரோஸ்டர், அதாவது டியூட்டி அட்டவணை, எப்படியோ வாழ்க்கை அப்படி. தம்பி வீட்டுக்கு வந்தால் மதியம் ஜன்னலுக்குப் போர்வை கட்டிவிட்டுத் தூங்குகிறான். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்தவன் அவன், அம்மாவுக்கு அது புரிய ரொம்ப நாள் ஆனது. போன முறை இருமிக்கொண்டே வந்தான். எங்கள் ஆத்தா ஆசையாக ஒரு மூடி தசமூலாரிஷ்டம் ஊற்றி நீட்டினார். அவன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். டியூட்டிக்கு முன்னால் குழாயில் ஊதிக் காட்ட வேண்டும், அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும். முதல் தடவை மாட்டினாலே மூன்று மாதம் லைசென்ஸ் சஸ்பெண்ட். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் கூடக் கூடாது என்று 2023-ல் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். அரிஷ்டத்தில் அது இருக்கிறது. "மருந்துடா, சாராயமா குடுக்கறேன்?" என்று ஆத்தா ரெண்டு நாள் பேசவில்லை.

பைலட்டுகளுக்கு வார ஓய்வு 36 மணி நேரமாக இருந்ததை 48 ஆக்கி, 2025 ஜூலையிலிருந்து அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த டிசம்பரில் பைலட் போதாமல் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானபோது, கடைக்கு வந்த ஒருவர் "உன் தம்பி கூட்டத்துக்குத் தூக்கம் ஜாஸ்தியாயிடுச்சு" என்றார். விதி வரப்போவது முன்கூட்டியே தெரிந்தும் ஆள் எடுத்து வைக்காத கம்பெனியை அவர் திட்டவில்லை.

இன்னொரு வயிற்றெரிச்சல், கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். தம்பிக்கு பேஸ், அதாவது டியூட்டி தொடங்கும் ஊர், ஹைதராபாத். அங்கிருந்து பெங்களூருக்கு ஒரு மணி நேரம் சொச்சம். பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில் இறங்கி, ஊருக்குள் வந்து, சந்தாபுரா, அத்திப்பள்ளி நெரிசலில் ஊர்ந்து கிருஷ்ணகிரி வந்து சேர நாலு மணி நேரம். ஓசூர் பக்கத்தில் பேளகொண்டப்பள்ளியில் ஓடுபாதை கண்முன்னால் கிடக்கிறது, தனியாருடையது. ஆனால் பெங்களூர் விமான நிலையத்துக்கு 150 கிலோமீட்டருக்குள் புதிதாக எதுவும் வரக்கூடாது என்று 2033 வரை ஒப்பந்தம். 2024-ல் ஓசூரில் 2000 ஏக்கரில் விமான நிலையம் என்று சட்டசபையில் அறிவித்தார்கள், கைதட்டினோம். அதெல்லாம் இருக்கட்டும், கிருஷ்ணகிரிக்கு ஒரு ரயில் உண்டா? மாவட்டத் தலைநகரம் சார். வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து சின்ன ரயில் ஓடியதாம், அந்தத் தண்டவாளத்தையும் பிறகு பெயர்த்துவிட்டார்கள். உங்கள் தர்மபுரிக்காரர்களும் மொரப்பூர் ரயில் பாதைக்கு எத்தனை எலெக்‌ஷன் பார்த்துவிட்டீர்கள்!

உங்கள் பையனுக்கு ஆசை இருந்தால் தடுக்கச் சொல்லவில்லை. தம்பியிடம் இப்போது கேட்டாலும் வேறு வேலைக்குப் போகமாட்டான். 1500 மணி நேரத்தைத் தாண்டிவிட்டான், கேப்டன் ஆவதற்குத் தேவையான ஏடிபிஎல் லைசென்ஸ் வாங்கிவிட்டான், கேப்டன் ஆக வரிசையில் நிற்கிறான். சின்ன நிறுவனத்தில் அந்த வரிசை சீக்கிரம் நகரும், இது ஒரு நல்ல விஷயம், யாரும் சொல்வதில்லை.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு பைசா செலவழிப்பதாக இருந்தால் மெடிக்கலுக்குச் செலவழியுங்கள். முதலில் கிளாஸ் டூ (பயிற்சியில் சேர), உடனேயே கிளாஸ் ஒன் (கமர்ஷியல் லைசென்ஸுக்கு). கிளாஸ் ஒன்னைப் பெங்களூரில் விமானப்படையின் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஏரோஸ்பேஸ் மெடிசினிலேயே செய்கிறார்கள், உங்களுக்குப் பக்கம். கண்ணில் நிறம் பிரித்தறியும் குறை, காதில் கோளாறு என்று ஏதாவது இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பள்ளிக்கு நேரில் போங்கள், ஆபீசில் உட்காராதீர்கள், விமானம் நிறுத்தும் ஹேங்கருக்குப் போய் இன்றைக்கு எத்தனை விமானம் பறந்தது என்று அங்கே இருக்கும் பையன்களைக் கேளுங்கள். வீட்டுப் பத்திரத்தை வைப்பதாக இருந்தால், லைசென்ஸ் வந்த பிறகும் இரண்டு மூன்று வருடம் சம்பளமே இல்லாமல் வட்டி கட்ட முடியுமா என்று வீட்டம்மாவோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். வேறு சந்தேகம் இருந்தால் கேளுங்கள், தம்பி அடுத்த முறை வரும்போது கேட்டுச் சொல்கிறேன். டிக்கெட் சலுகை மட்டும் யாரும் கேட்காதீர்கள், எங்கள் வீட்டுக்கே கிடைத்தபாடில்லை.