யோசித்தே நாள் போகிறது… இது சோம்பலா, நோயா?

கேள்வி: என் வயது 36. தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. அங்கே எதுவும் தேங்காது. சொந்த வேலைகள்தான் அப்படியே கிடக்கின்றன. மகனுக்கு மூன்று வயது. பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் சேர்க்கவில்லை. வரும் ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும். ‘இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்களோ’ என்று இரவெல்லாம் யோசிக்கிறேன். விடிந்ததும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறேன். கணவர் சோம்பேறித்தனம் என்கிறார். இது மனநோயா டாக்டர்?

– வாசகி, கரூர்

பதில்: சோம்பேறித்தனம் இல்லை, அம்மா. உங்கள் கணவரும் இதைப் படிக்கட்டும். ஒரு வேலையை நினைத்துத் தூக்கத்தைத் தொலைப்பவருக்கு அக்கறை இல்லை என்று எப்படிச் சொல்வது?

மாதாமாதம் கணக்கு முடிக்கும் உங்களுக்கு ஒரு விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் இல்லை. ‘இத்தனை நாள் என்ன செய்தீர்கள்’ என்ற அந்தக் கேள்வியைச் சந்திக்கத்தான் கூச்சம். ‘நாளைக்கு’ என்றதும் மனசு லேசாகிறதல்லவா? அந்த நிம்மதிக்கு மூளை பழகிவிடுகிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகத் தள்ளிப்போட வைக்கிறது. இரவு யோசனையும் இப்படித்தான். ஏதோ செய்துகொண்டிருப்பதுபோல் தோன்றும், ஆனால் புதிதாக ஒரு விவரமும் கையில் கிடைக்காது. என்ன ஆவணம் வேண்டும் என்பதைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். விடிய விடிய யோசித்தாலும் அது தெரியவராது.

மனசு தெளிந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் செய்யத் தொடங்கிய பிறகுதான் தெளிவு வரும். மனச்சோர்வுக்கே இந்த வழியில் சிகிச்சை உண்டு. ‘பிஹேவியரல் ஆக்டிவேஷன்’ என்பார்கள். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற ஆலோசகர்களே இதைக் கொடுத்து நல்ல பலன் கிடைத்ததை 2017-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்டது. அன்றாட வேலைகளைச் சிறிதாக்கி, நேரம் குறித்துச் செய்ய வைப்பதுதான் அதன் அடிப்படை.

நாளைக்குச் சான்றிதழ் வேலையை முடிக்க வேண்டாம். காலை டீ இடைவேளையில், குழந்தை பிறந்த இடத்தின் பிறப்புப் பதிவு அலுவலகத்துக்கு ஒரு போன் மட்டும் செய்யுங்கள். என்னென்ன கொண்டுவர வேண்டும், எப்போது வரலாம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவ்வளவு போதும். ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமலும், அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயர் சேர்க்கலாம். உங்களைப் போலத் தாமதமாக வருபவர்கள் நிறையப் பேர் என்பதால்தான் அந்த வசதியே இருக்கிறது. போன் செய்யுமுன் என்ன பயந்தீர்கள், உண்மையில் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். மற்ற வேலைகளுக்கும் இதையே செய்யுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

கவலைப்படுவதற்கு மாலையில் ஒரு 20 நிமிடம் ஒதுக்குங்கள், படுக்கையில் வேண்டாம். இரவில் யோசனை வந்தால், ‘நாளை மாலை பார்க்கிறேன்’ என்று ஒரு வார்த்தை குறித்துவிட்டுப் படுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்க வேண்டும். இது பிரசவத்துக்குப் பிறகு தொடங்கியதா? பிரசவத்தை ஒட்டி வரும் மனச்சோர்வைக் கவனிக்காமல் விட்டால் ஆண்டுக்கணக்கில் நீடிக்கலாம். பிரசவத்துக்குப் பின் தைராய்டும் குறையலாம். ரத்தசோகையும் நம் பெண்களிடம் மிகச் சாதாரணம். இரண்டுமே உடம்பை எழவிடாமல் அடிக்கும். எனவே தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பரிசோதனைகள் செய்துகொள்ளுங்கள். அலுவலக வேலை தடையில்லாமல் நடப்பதால் ‘ஏ.டி.எச்.டி.’ எனப்படும் கவனக்குறைபாட்டுப் பிரச்சினையாக இருக்கும் வாய்ப்பு குறைவு என்று நினைக்கிறேன். நேரில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, பசி கெட்டுப்போனது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாத்திரை தேவை என்று சொன்னால் தயங்காமல் சாப்பிடுங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தாலே, அன்றைக்கே கணவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற ‘டெலி மானஸ்’ (அரசின் மனநல உதவி) இலவச எண்ணையும் அழையுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.