வெள்ளத்துக்குப் பிறகு மக்காச்சோளம் மட்டும் போதுமா?

வணக்கம். வெள்ளத்தில் விதை இழந்த குடும்பங்களுக்கு மக்காச்சோள விதையோடு ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளியும் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கொடுங்கள். மக்காச்சோளம் வயிற்றை நிரப்பும். ஆனால் வெள்ளை ரகத்தில் வைட்டமின் ஏ கிடையாது. நெருக்கடி நேரத்தில் முதலில் அடிபடுவது குழந்தைகளின் ஊட்டச்சத்துதான். இந்தக் கிழங்கில் சுமார் 125 கிராம் ஒரு சிறு குழந்தையின் அன்றாட வைட்டமின் ஏ தேவைக்குப் போதும். மூன்று முதல் ஐந்து மாதத்தில் அறுவடை, இலையும் கீரையாகும். மொசாம்பிக், உகாண்டா போன்ற நாடுகளில் இதைப் பரப்பியவர்களுக்கு 2016இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இது விதையில் வளர்வதில்லை, கொடித் துண்டில்தான். மூட்டை கட்டிக் கிடங்கில் போட முடியாது, சில நாளில் வாடிவிடும். அதனால் தூரத்திலிருந்து லாரியில் கொண்டுவருவதைவிட, பக்கத்திலேயே தண்ணீர் வசதியுள்ள இரண்டு மூன்று பேரிடம் நாற்றங்கால் போடச் சொல்லுங்கள். அடுத்த பருவம் வரை கொடி தாங்காது என்று தோன்றினால், நல்ல கிழங்குகளை உலர்ந்த மணலில் புதைத்து வைத்து, மழைக்கு ஆறேழு வாரம் முன்பு நட்டுத் தண்ணீர் விட்டால் முளைத்துவிடும்.

அப்புறம், கிழங்கை வெயிலில் காயவைத்துச் சேமித்தால் சத்து நாளாக நாளாகக் குறையும். வேகவைத்து, கொஞ்சம் எண்ணெய் சேர்த்துச் சாப்பிடச் சொல்லுங்கள். புரதத்துக்குப் பீன்ஸ் விதையும் ஒரு பிடி கொடுங்கள். விளைந்ததிலிருந்து அடுத்த பருவ விதையை அவர்களே எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஒட்டுரக (இரு ரகங்களைக் கலந்து உருவாக்கிய) மக்காச்சோளத்தில் அது சரிப்படாது.