துண்டுக்கு எத்தனை டிகிரி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, துண்டு வாடை பற்றியவை. மீதி, சூடு பற்றியவை. மெஷின் ஃப்ரன்ட் லோடா டாப் லோடா, தண்ணீர் போரா மெட்ரோவா என்று எழுதாமல் "எத்தனை டிகிரி வைக்கலாம்?" என்று மட்டும் கேட்டால் எதை வைத்துப் பதில் சொல்வது? போன முறையும் இதைக் கேட்டுக்கொண்டேன்.

குளிக்கிற துண்டை எத்தனை நாளைக்கு ஒருமுறை துவைக்க வேண்டும்? (மதுரை வாசகர்)

மூன்று நான்கு குளியலுக்கு ஒருமுறை. ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் துண்டு முழுசாகக் காய்ந்தால்தான் இந்தக் கணக்கு. பாத்ரூம் கதவுக்குப் பின்னால் மடிந்து தொங்குகிற துண்டு காயாது, அதை மறுநாளே துவைத்துவிடுங்கள். ஈரிழைத் துண்டு சீக்கிரம் காய்ந்துவிடும். தேங்காய்ப்பூ துண்டுக்கு நல்ல வெயிலிலேயே பாதி நாள் ஆகும். கை துடைக்கிற துண்டை இரண்டு நாளில் மாற்றுங்கள். சமையலறைத் துணியைத் தினமும்.

பெட்ஷீட் லேபிளில் 40 என்று இருக்கிறது. 40-இல்தான் துவைக்க வேண்டுமா? (சென்னை வாசகி)

இல்லை. அது உச்ச வரம்பு. அதைத் தாண்டக் கூடாது என்றுதான் அர்த்தம், குறைவாக வைக்கலாம். குளிர் நாடுகளில் குழாய்த் தண்ணீர் 10 டிகிரிக்குப் பக்கத்தில் வரும், அதை 30-க்கு ஏற்ற ஹீட்டர் வேண்டும். சென்னையில் குழாயைத் திறந்தாலே ஏறக்குறைய 30 வந்துவிடுகிறது. வாரம் ஒருமுறை துவைக்கிற சாதாரண பெட்ஷீட்டுக்கு அது போதும். ஊட்டியில் இருந்து கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

மகனுக்கு வீசிங். டாக்டர் படுக்கை விரிப்பையெல்லாம் வெந்நீரில் துவைக்கச் சொன்னார். எவ்வளவு சூடு? (கோவை வாசகி)

60 டிகிரி. தூசியில் வாழும் நுண்ணிய பூச்சிகள் 55-ஐத் தாண்டினால்தான் சாகும். குறைந்த சூட்டில் துவைத்தால் அவற்றின் கழிவு பெரும்பாலும் போய்விடும், பூச்சிகள் நூலைப் பிடித்துக்கொண்டு பிழைத்துவிடும். தலையணை உறை, விரிப்பு, போர்வை மூன்றையும் வாரம் ஒருமுறை 60-இல் போடுங்கள். லேபிள் 60-ஐ அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான டாப் லோடு மெஷின்களில் ஹீட்டர் கிடையாது. கீசர் தண்ணீரை ஊற்றினாலும் டிரம்முக்குள் போனதும் ஆறிவிடும். அப்படியானால் வாளியில் நல்ல சூடான தண்ணீரில் மூடி ஊறவைத்து, பிறகு மெஷினில் போடுங்கள். கை பத்திரம்.

இதைப் படித்துவிட்டு எல்லாத் துணியையும் 60-க்கு மாற்ற வேண்டாம். நான் வேலை பார்த்தது மருத்துவமனைச் சலவைக்கூடத்தில். பிரிட்டனில் மருத்துவமனைத் துணிக்கு 65 டிகிரியில் பத்து நிமிஷம், அல்லது 71-இல் மூன்று நிமிஷம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அது நோயாளிகள் படுத்த துணிக்கு. ஆரோக்கியமான வீட்டுக்கு அது தேவையில்லை.

நல்ல விலை கொடுத்து வாங்கிய தேங்காய்ப்பூ துண்டுகள் மூன்றே மாதத்தில் அட்டை மாதிரி ஆகிவிட்டன. தண்ணீரை உறிஞ்சுவதில்லை. நனைந்தால் ஒரு மக்கிய வாடை வேறு. சோப்புத்தூளை இரண்டு மடங்காக்கிவிட்டேன், சாஃப்ட்னரும் தவறாமல் ஊற்றுகிறேன். போர் தண்ணீர், ஃப்ரன்ட் லோடு. (தாம்பரம் வாசகர்)

விவரமாக எழுதியதற்கு முதலில் நன்றி. காரணத்தையும் நீங்களே எழுதிவிட்டீர்கள்.

சாஃப்ட்னர் நூலின் மேல் மெல்லிய வழவழப்பான ஒரு படலத்தைப் பூசுகிறது. கைக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் தேங்காய்ப்பூ துண்டில் அத்தனை நூல் வளையங்களை நெய்து வைத்திருப்பதே தண்ணீரைக் குடிக்கத்தான். அந்த வாயை அடைத்துவிட்டுத் துண்டைக் குறை சொல்லிப் பயனில்லை. துண்டுக்குச் சாஃப்ட்னர் வேண்டாம். எத்தனையோ முறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

அடுத்தது நுரை. நுரை நிறைய வந்தால் அழுக்கு நிறையப் போகும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. ஃப்ரன்ட் லோடு மெஷின் கொஞ்சம் தண்ணீரில், துணியைத் தூக்கிப் போட்டு அடித்துத் துவைக்கிறது. நுரை பொங்கினால் அது மெத்தை மாதிரி நடுவில் நின்று அந்த அடியைத் தாங்கிக்கொள்ளும். அப்புறம் அந்தச் சோப்பை அலசவும் தண்ணீர் போதாது. உப்புத் தண்ணீரில் சோப்பின் ஒரு பங்கு சுண்ணாம்போடு சேர்ந்து வீணாகிவிடும் என்பது உண்மைதான், கொஞ்சம் கூட்டலாம். இரண்டு மடங்கு கூடாது.

தங்கிய சோப்பும் உடம்பு எண்ணெயும் கிருமிக்குத் தீனி. காய்ந்த துண்டில் வாடை இல்லாமல் நனைந்ததும் வருகிறதே, அதற்கு முக்கியக் காரணம் மொராக்செல்லா என்ற பாக்டீரியா. காய்ந்தாலும் சாகாமல் கிடந்து, ஈரம் பட்டதும் வேலையைத் தொடங்கும். வாசனைத் திரவம் அதை ஒரு மணி நேரம் மறைக்கும், அவ்வளவுதான்.

இப்போது செய்ய வேண்டியது: துண்டுகளை மட்டும், டிரம்மில் பாதிக்கு மேல் போகாமல், 60 டிகிரியில் போடுங்கள். வழக்கமான சோப்பில் பாதி, வாஷிங் சோடா இரண்டு ஸ்பூன். முடிந்ததும் சோப்பே போடாமல் இன்னொரு முறை ஓட்டுங்கள். முதல் தடவை கண்ணாடி வழியாக நுரை தெரியும், பழைய சோப்பு அது. நுரை நிற்கும்வரை அலசுங்கள். மெஷின் நின்று அரை மணிக்குள் எடுத்து, நன்றாக உதறிக் கொடியில் விரித்துப் போடுங்கள், காய்ந்த பிறகும் ஒருமுறை உதறுங்கள். மழை நாளில் ஃபேனுக்குக் கீழே. முழுசாகக் காய வேண்டும்.

எண்ணெய்க் குளியல் துண்டில் காறல் வாடை. எப்படிப் போக்குவது? டிரையரும் இருக்கிறது. (சிங்கப்பூர் வாசகி)

எண்ணெய்த் துண்டைத் தனியாக வையுங்கள். வெந்நீரில் சோப்புக் கரைத்து அரை மணி ஊறவைத்து, 60-இல் துவையுங்கள். வாடை முழுசாகப் போகாத துண்டை டிரையரில் போடவே போடாதீர்கள். நல்லெண்ணெய் போன்றவை காற்றோடு சேரும்போது தானாகவே சூடாகும். டிரையரில் இருந்து சூட்டோடு எடுத்துக் குவித்து வைத்த எண்ணெய்த் துண்டுகள் தீப்பிடித்தது உண்டு. கொடியில் காயப் போடுங்கள்.

விரிப்பில் ரத்தக் கறை. கொதிக்கிற நீரில் போட்டும் போகவில்லை. (திருச்சி)

கொதிநீரில் போட்டதால்தான் போகவில்லை. ரத்தம், பால், முட்டை எல்லாவற்றுக்கும் முதலில் பச்சைத் தண்ணீர்.

வெள்ளைத் துண்டுக்கு ப்ளீச்சும் வினிகரும் சேர்த்து ஊற்றலாமா? (பெயர், ஊர் இல்லை)

கூடாது. குளோரின் வாயு கிளம்பும், நுரையீரல் கெடும்.

வீட்டில் இருவருக்குச் சொறி. படுக்கையை என்ன செய்ய? (தஞ்சாவூர் வாசகர்)

மருந்து தொடங்குகிற அன்றே விரிப்பு, துண்டு, உடுத்திய துணி எல்லாம் 60-இல். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். சொறியை உண்டாக்குகிற நுண்ணிய பூச்சி உடம்பை விட்டு விலகினால் இரண்டு மூன்று நாளில் செத்துவிடும், நான் ஒரு வாரம் வைக்கச் சொல்வேன். சொறி இல்லாதவர்களுக்கும் அதே நாளில் மருந்து வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அந்தக் காலத்து வெள்ளாவித் துணி மாதிரி இப்போது வெளுப்பதில்லையே, ஏன்? (திருநெல்வேலி வாசகர்)

உவர்மண் கரைசலில் நனைத்து, பானைக்கு மேல் அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைத்த துணி அது. சூடு 100-ஐ ஒட்டி இருக்கும், காரமும் சேர்ந்தது, மறுநாள் ஆற்றில் அடித்து வெயிலில் காயப் போட்டார்கள். வண்ணார்களின் அந்தக் கைப்பக்குவம் எந்த மெஷினிலும் இல்லை. ஆனால் அது கெட்டியான வெள்ளைப் பருத்திக்கானது. எலாஸ்டிக் வைத்த இன்றைய பாலியஸ்டர் கலப்பு விரிப்பு அதைத் தாங்காது.

இலவம்பஞ்சுத் தலையணையை மெஷினில் போடலாமா? (ஈரோடு வாசகி)

வேண்டாம், கட்டி தட்டிவிடும். உறையை வாரம் ஒருமுறை துவையுங்கள், தலையணையை மாதம் ஒருமுறை மொட்டை மாடி வெயிலில் இரண்டு பக்கமும் காய வையுங்கள். வெயில் இறங்குவதற்குள் எடுத்துவிடுங்கள், பனி ஈரம் ஏறக் கூடாது.