இரண்டாவது கன்ட்ரோலரை யாருக்காக வாங்கினான்?

கேள்வி: என் வயது 46. சிங்கப்பூரில், யீஷூனில் வசிக்கிறோம். உயர்நிலை மூன்றில் படிக்கும் மகனோடு பிளேஸ்டேஷனில் கால்பந்து ஆடினால் எரிச்சல்தான் மிஞ்சுகிறது. ராணுவத்தில் தேசிய சேவை செய்த காலத்தில் வின்னிங் இலெவன் என்ற கால்பந்து ஆட்டத்தில் என்னை வெல்ல ஆளில்லை. இப்போதைய ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி ஆட்டத்தில் ஒரு பொத்தானும் என் பேச்சைக் கேட்பதில்லை. கோலுக்கு அடித்தால் பந்து மிதந்து எங்கோ போகிறது. தடுக்கப் போனால் என் ஆட்டக்காரர் சறுக்கி விழுந்து மஞ்சள் அட்டை வாங்குகிறார். சென்ற மாதம் ஆத்திரத்தில் கன்ட்ரோலரைச் சோபாவில் வீசிவிட்டு எழுந்துவிட்டேன். (அது இரண்டாவது கன்ட்ரோலர், தீபாவளிக்குப் பெரியவர்கள் உறையில் போட்டுத் தந்த அங்பாவ் பணத்தில் அவனே வாங்கியது. உடையவில்லை.) இப்போது அவன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நண்பர்களோடு இணையத்தில் ஆடுகிறான். எளிதான பொத்தான்கள் உள்ள ஆட்டம் ஏதாவது இருக்கிறதா?

பதில்: பொத்தான் விவகாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது பத்து நிமிட வேலை. உங்கள் விரல்கள் இன்னும் பழைய ஆட்டத்தையே ஆடிக்கொண்டிருக்கின்றன. வின்னிங் இலெவனில் சதுரம் கோலுக்கு அடிக்கும், வட்டம் பந்தைத் தூக்கி அனுப்பும். இந்த ஆட்டத்தில் அது அப்படியே தலைகீழ். தடுக்கும்போது அங்கே சதுரத்தை அழுத்தினால் சக ஆட்டக்காரர் ஓடிவந்து எதிரியை நெருக்குவார். இங்கே அதே சதுரம் சறுக்கிப் பறிக்கும். மஞ்சள் அட்டை வந்த வழி அதுதான். மேலும், அழுத்திப் பிடித்தாலே உங்கள் ஆள் பந்தை விடாமல் துரத்திய காலம் போய்விட்டது. முன்பு ஃபிஃபா என்றிருந்து 2023இல் பெயர் மாறிய இந்தத் தொடரில், 2011இல் வந்த ஃபிஃபா 12 முதலே, எதிரியின் முன்னால் நின்று நேரம் பார்த்துக் காலை நீட்டுவதுதான் வழக்கம்.

அமைப்புப் பகுதியில் கட்டுப்பாட்டு முறையை ‘ஆல்டர்நேட்’ என்று மாற்றினால் சதுரமும் வட்டமும் உங்களுக்குப் பழகிய இடத்துக்கு வந்துவிடும். தொலைக்காட்சியில் ‘கேம் மோட்’ இருந்தால் அதையும் போடுங்கள். படத்தை மெருகேற்றத் தொலைக்காட்சி எடுத்துக்கொள்ளும் நேரம் குறைந்து, அழுத்தியவுடன் ஆள் அசைவார். தடுப்பாட்டம் மட்டும் பழகப் பழகத்தான் வரும்.

இனி, நீங்கள் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்ட அந்த வரிக்கு வருகிறேன்.

இணையத்தில் நண்பர்களோடு ஆட ஒரு கன்ட்ரோலர் போதும். அது அவனிடம் ஏற்கெனவே இருந்தது. பதினைந்து வயதுப் பையன், ஆண்டுக்கு ஒருமுறை கையில் சேரும் பணத்தில் இன்னொன்று வாங்குகிறான் என்றால், சோபாவில் தன் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறான். அந்த ஆள் யார் என்று உங்களுக்கு விளங்கவே இல்லையா? காலணி வாங்கியிருக்கலாம். நண்பர்களோடு தின்று தீர்த்திருக்கலாம். பாட்டியும் மாமாவும் அத்தையும் கொடுத்த உறைகளைப் பிரித்து, எண்ணி, கடைக்குப் போய் அப்பாவுக்கு ஒன்று வாங்கி வந்தான். அதைத்தான் நீங்கள் வீசினீர்கள். ‘உடையவில்லை’ என்று வேறு எழுதுகிறீர்கள், தம்பி. எனக்குக் கோபம் வந்தது அந்த ஒரு சொல்லில்தான்.

பிள்ளை பேசுவதில்லை, கதவைச் சாத்திக்கொள்கிறான் என்று மாதம் தவறாமல் கடிதங்கள் வருகின்றன. கதவு சாத்தப்படுவதற்கு முன்னால் வீட்டில் என்ன நடந்தது என்று யாரும் எழுதுவதில்லை. நீங்கள் உங்களை அறியாமலே எழுதிவிட்டீர்கள்.

பிள்ளை கூப்பிடும்போது போய் உட்காருவது தகப்பனின் கடமை. ஐந்து கோல் வாங்கித் தோற்றாலும் உட்கார வேண்டும். மகனிடம் தோற்பதால் அப்பா என்ற மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைக்கிற ஆண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அந்த வீடுகளில் பிள்ளைகள் அம்மா வழியாகத்தான் அப்பாவிடம் பேசுகிறார்கள். இன்னும் சில ஆண்டுகளில் இவனைத் தேசிய சேவைப் பயிற்சிக்காகத் தேக்கோங் தீவில் விட்டுவிட்டுப் படகில் திரும்பப் போகிறீர்கள். நீங்களும் தேசிய சேவை செய்தவர். வார இறுதியில் வீட்டுக்கு வந்த நாள்களில் உங்கள் அப்பாவோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

எளிதான ஆட்டம் எதையும் நான் சொல்லப்போவதில்லை. வாங்கினால் தனியாகத்தான் ஆடிக்கொண்டிருப்பீர்கள். நான் சொன்ன அந்த அமைப்பைக்கூட நீங்களே மாற்றிவிடாதீர்கள். கன்ட்ரோலரைத் துடைத்துச் சார்ஜில் போடுங்கள். பிறகு அவன் கதவைத் தட்டி, “அன்றைக்கு வீசியது அப்பா செய்த தப்பு” என்று மழுப்பாமல் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, சதுரத்தையும் வட்டத்தையும் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை இரவாகப் பார்த்துக் கேளுங்கள். மறுநாள் அவனுக்குப் பள்ளி இல்லை.